பிரமு அம்மாள் புத்தகத்தில் உப்பு

20 ஜனவரி 1969

சமையலுக்குப் புத்தகம் போடப் போகிறார்களாம். போட்டு விற்கப் போகிறார்களாம். அதை வாங்கவும் ஆள் இருக்கிறதாம். முப்பது வருடம் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்த நான் எழுதிய இலக்கணக் கட்டுரைகள் பரண்மேல் எலிக்கு மெத்தையாகக் கிடக்கின்றன. அவற்றை அச்சிட ஒரு பயல் முன்வரவில்லை. என் மனைவி பிரமு கத்திரிக்காயை எப்படி நறுக்குவது என்று எழுதியதற்கு மெட்ராஸிலிருந்து ஒரு செட்டியார் கடிதம் போடுகிறார்.

விஷயம் இதுதான். மகள் வடிவைக் கட்டிக்கொடுத்தது பிலாயில் வேலை பார்க்கும் எஞ்சினீயருக்கு. அங்கே மாமியார் கூட இல்லை. கேட்டுச் செய்யப் பக்கத்து வீட்டு அத்தையும் இல்லை. தீயல் எப்படி அம்மா, சொதி எப்படி அம்மா என்று வாரம் ஒரு கடிதம் வரும். இவளும் இன்லண்டு லெட்டரின் மடிப்பில்கூட இடம் விடாமல் எழுதித் தள்ளினாள். வடிவு அதை அங்கிருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். எல்லோரும் எஞ்சினீயர் பெண்டாட்டிகள், பி.ஏ. படித்தவர்கள், ரசம் வைக்கத் தெரியாதவர்கள். ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டார்களாம். அதில் ஒருத்தியின் பெரியப்பாதான் இந்த வயிரவன் செட்டியார். பஞ்சாங்கமும் மனையடி சாஸ்திரமும் போட்டுப் பணம் பார்த்தவர்.

என் தகப்பனார் அலமாரியில் ஒரு பழைய பாகசாஸ்திரம் இருந்தது. மிளகு இத்தனை வராகன் எடை, புளி இத்தனை பலம் என்று கம்பீரமாகத் தொடங்கும். கடைசியில் ‘பக்குவமறிந்து இறக்கவும்’ என்று கைகழுவிவிடும். பக்குவம் அறிந்தவளுக்குப் புத்தகம் எதற்கு? அறியாதவளுக்கு அந்த வாக்கியம் எதற்கு? அந்தக் காலத்திலேயே இந்த லட்சணம். இன்றைக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரமு செட்டியாரின் கடிதத்தை நாலு தடவை படித்தாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். படித்துவிட்டு என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

“அட்டையில என் பேரு போடுவாகளா?”

“போடுவான். மளிகைக்கடைப் பொட்டலத்திலயும் பேரு போட்டுத்தான் இருக்கு” என்றேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

29 ஜனவரி

செட்டியார் நேரிலேயே வந்துவிட்டார். மூன்று மோதிரம், ஒரு தோல்பை. என்னைப் ‘புலவர் ஐயா’ என்றார். அந்த மட்டில் மரியாதை தெரிந்த மனிதர். ஆனால் இரண்டு நிமிடத்தில் என்னை விட்டுவிட்டு அடுக்களை நிலைப்படி ஓரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இவளிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

“ஆச்சி, நீங்க எழுதுறது பேசுற மாதிரியே இருக்கு, அதுதான் அழகு. ஆனா இப்ப வர்ற பொண்ணுகளுக்கு ‘உப்பு தேவையான அளவு’ன்னா புரியாது. எவ்வளவு தேவைன்னு கேட்டுத்தானே புத்தகமே வாங்குது? எல்லாம் கிராம் கணக்கு, தேக்கரண்டிக் கணக்கு, நிமிஷக் கணக்கு. எத்தனை பேருக்குன்னும் போட்டுடணும்.”

“கைக்குத் தெரியுமே, செட்டியாரே.”

“உங்க கை பிலாய்க்குப் போகாதே ஆச்சி.”

இதைக் கேட்டு இவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்த அந்நியரிடம் சிரிக்கிற வழக்கம் எப்போது வந்தது என்று தெரியவில்லை.

மத்தியானம் செட்டியார் இங்கேயே சாப்பிட்டார். இடிசாம்பார், அவியல். உப்பு கனகச்சிதம் என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு வழக்கம்போல வெண்கலக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்திருந்தாள். குடும்பத்தலைவனுக்கு முதலில் எடுத்து வைக்கிற நல்ல பழக்கம் இந்த வீட்டில் ஐந்தாறு வருடமாக இருக்கிறது. என் கிண்ணத்தில் இருந்ததிலேயே உப்பு ஒரு கல் குறைவுதான். கனகச்சிதமாம். செட்டியாருக்கு நாக்கு இல்லை, பை மட்டும்தான் இருக்கிறது.

4 பிப்ரவரி

ஒவ்வொன்றாகச் சமைத்து அளவு எழுதும் சோதனை இன்று தொடங்கியது. ஒரு சிக்கல் வந்தது, அதை நான்தான் தீர்த்தேன்.

இந்த வீட்டில் அடுப்பில் இருப்பதை யாரும் ருசி பார்ப்பதில்லை. பூசையில் சாமிக்குப் படைத்த பிறகுதான் மனிதன் வாயில் படலாம். கரண்டியை நாக்கில் வைத்துப் பார்த்தால் எச்சில், பானை முழுக்கத் தீட்டு. என் தாயார் வகுத்த சட்டம். பிரமு கல்யாணமாகி வந்த நாள் முதல் அதை மீறியதில்லை. வாசனையையும் கொதியின் சத்தத்தையும் வைத்தே உப்புப் போடுகிறவள். படைத்து முடிந்து நான் சாப்பிட்டு, உப்பு எப்படி என்று சொன்னால்தான் அவளுக்கே தெரியும். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிட உட்காருவாள்.

அப்படியானால் புத்தகத்துக்கு உப்பை அளந்து சொல்ல வேண்டியது யார்? நான்தான். செட்டியாருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது! அட்டையில் யார் பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்தப் புத்தகத்துக்கு நாக்கு நான்தான்.

இன்று சொதி, ஆறு பேருக்கு. தேக்கரண்டி மட்டமாக இரண்டு போட்டிருந்தாள். சோதனை என்பதால் கிண்ணம் வேண்டாம், பானையிலிருந்தே ஊற்று என்றேன். ஊற்றினாள். சப்பென்று இருந்தது. இன்னும் ஒன்று போடச் சொன்னேன். பிறகு இன்னும் ஒன்று. நாலில் வந்து நின்றது. என் கண்முன்னால் சீட்டில் ‘நாலு’ என்று எழுதினாள்.

அவள் இன்று சொதி ஊற்றிக்கொள்ளவில்லை. வயிறு சரியில்லை என்று மோர்ச்சோறு சாப்பிட்டாள். ஒரு வேலையைத் தொடங்கிய முதல் நாளே வயிற்றைக் கெடுத்துக்கொள்வது பெண்களுக்குத்தான் வரும்.

7 பிப்ரவரி

புளிமிளகாய். உப்புப் பத்தவில்லை. சேர்க்கச் சொன்னேன்.

8 பிப்ரவரி

கூட்டாஞ்சோறு. பத்தவில்லை.

11 பிப்ரவரி

தீயல். பத்தவே இல்லை. இத்தனை வருடம் சமைத்தவள் கையளவு இவ்வளவு மோசமா என்று ஆச்சரியமாக இருக்கிறது. இதற்கு முன்பு எனக்கும் இது தெரிந்ததில்லை. ஐந்தாறு வருடத்துக்கு முன்பு கடுங்காய்ச்சலில் மூன்று வாரம் கிடந்து எழுந்த பிறகுதான் என் நாக்கு துல்லியமானது. அதுவரை ருசிபேதம் தெரியாமல் தட்டில் விழுந்ததை எல்லாம் தின்றுகொண்டிருந்தேன். இன்னொன்றும் உண்டு. இப்போது கடையில் வருகிற உப்பிலேயே உப்பில்லை.

22 பிப்ரவரி

மைத்துனன் அனவரதம் வந்தான். பிரமுவின் தம்பி, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. உலகத்தில் எந்த விஷயத்திலும் அபிப்பிராயம் இல்லாத மனிதன். பிரமு அப்போது பக்கத்து வீட்டுச் சீமந்தத்துக்குப் போயிருந்தாள். நானே இலை போட்டேன். விருந்தாளிக்கு மரியாதையாக இருக்கட்டுமே என்று என் வெண்கலக் கிண்ணத்துச் சாம்பாரையே அவனுக்கு ஊற்றினேன். எனக்குப் பானையிலிருந்து ஊற்றிக்கொண்டேன்.

இரண்டு வாய் வைத்தான். கண்ணில் நீர் வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான்.

“என்னடே, காரமா?”

“இல்ல அத்தான். நல்லா இருக்கு. தாகம், வெயில்ல வந்தேன்லா” என்றான்.

மிச்சச் சோற்றைத் தயிரில் கரைத்து முடித்துக்கொண்டான். என் இலையிலோ சாம்பார் வெந்நீர் மாதிரி இருந்தது. அந்த நேரம் பிரமு வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. அவனைத் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ கேட்டாள். அக்காவும் தம்பியும் கிசுகிசுக்கிற குடும்பம் உருப்படாது. என் கிண்ணத்தில் இன்னொருவனுக்கு ஊற்றியது பிடிக்கவில்லை போலிருக்கிறது. என் மேல் அவ்வளவு மரியாதை இருப்பது நல்லதுதான்.

14 மார்ச்

பிரமு கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுக்களை ஓரம் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அவள் ஓடி வந்து ஸ்டவ்வை அணைத்தாள். பால் பொங்கி வழிந்து அடிப்பிடித்துக் கருகியிருந்தது.

“தெரு முனை வரைக்கும் நாத்தம் அடிக்கி. பக்கத்துல தானே இருந்தீக?” என்றாள்.

நான் பேப்பர் படிக்கும்போது ஊரே தீப்பற்றினாலும் திரும்பமாட்டேன். படிப்பு வாசனை இல்லாதவர்களுக்கு இது புரியாது.

2 ஏப்ரல்

கையெழுத்துப் பிரதி செட்டியாருக்குப் போய்விட்டது. அஞ்சலில் சேர்ப்பதற்கு முன் சாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டாள். கத்திரிக்காய்க்குக் கும்பிடு.

முதல் பக்கத்தில் ‘பார்வையிட்டுத் திருத்தியவர்: புலவர் உலகநாத பிள்ளை’ என்று ஒரு வரி போடச் சொல்லி நானும் செட்டியாருக்கு எழுதினேன். இடமில்லை என்று பதில் வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் இடமில்லையாம். பின்னட்டையில் பஞ்சாங்க விளம்பரத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது. புரூஃப் திருத்தும் வேலையை மட்டும் என்னிடமே கொடுக்கிறாராம். காசில்லாமல் செய்ய ஆள் கிடைத்தால் செட்டியார் விடுவாரா?

9 மே

புரூஃப் வந்து மூன்று நாளாகத் திருத்துகிறேன். இவள் தமிழ் தலைவேதனை. ‘கொஞ்சூண்டு’ என்கிறாள். ‘வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகிறவரைக்கும் பொறுமையா நில்லு தாயி’ என்கிறாள். புத்தகத்தில் தாயி யார்? எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தேன்.

இன்னொரு விபரீதமும் கண்ணில் பட்டது. உப்பு. சோதனைச் சீட்டில் நாலு என்று எழுதியவள், நல்ல பிரதியில் இரண்டு என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். தீயலில் மூன்றுக்கு ஒன்றரை, கூட்டாஞ்சோற்றில் ஐந்துக்கு மூன்று. ஒரு இடத்தில்கூட நான் சொன்ன அளவு இல்லை. மறதி என்றால் இப்படியா? நாள் கணக்காக நான் உட்கார்ந்து ருசி பார்த்துச் சொன்னதெல்லாம் வீண்.

சிவப்பு மையால் அத்தனையையும் சரி செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், தான் எழுதியதுதான் சரி என்று நிற்பாள். புத்தகம் வந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும்.

10 ஜூலை

புத்தகம் வந்துவிட்டது. மஞ்சள் அட்டை. ‘பிரமு அம்மாள் வீட்டுச் சமையல்’. குத்துவிளக்குப் படம் ஒன்று, சம்பந்தமில்லாமல்.

பிரமு கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து வாங்கினாள். தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே புரட்டவில்லை. பட்டுத்துணியில் சுற்றி, பூசை அலமாரியில் வைத்துவிட்டாள். “கைபட்டு அழுக்காயிரும்” என்றாள். அழுதாள் வேறு. என் கட்டுரைகள் வந்திருந்தால் யார் அழுதிருப்பார்கள் என்று யோசித்தேன். எலிகள்தான்.

5 ஆகஸ்ட்

வாசகர் கடிதங்களாம், செட்டியார் கட்டி அனுப்பியிருக்கிறார். பம்பாயிலிருந்து ஒருத்தி: ‘ஆச்சி, சொதி உப்புக்கரித்தது, அவர் கோபித்துக்கொண்டார்.’ டில்லியிலிருந்து ஒருத்தி: ‘தீயலைக் கொட்டிவிட்டோம்.’ ஜபல்பூரில் இன்னொருத்தி. பட்டணத்து நாக்குகள்! ரொட்டியும் ஜாமும் தின்று மரத்துப்போனவை. உப்பு தெரிந்தால்கூட உப்புக்கரிக்கிறது என்கிறார்கள்.

பிரமுவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவளே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். “தூள் உப்பைப் போட்டிருப்பாகளோ? கல்லுப்புன்னு தானே எழுதியிருந்தேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

19 ஆகஸ்ட்

வடிவிடமிருந்து கடிதம். மாப்பிள்ளையின் மேலதிகாரியும் அவர் மனைவியும் விருந்துக்கு வந்தார்களாம். அம்மா புத்தகம் இருக்கும்போது என்ன கவலை என்று, பழைய கடிதங்களைத் தேடாமல், புத்தகத்தைப் பார்த்தே, இந்த வீட்டு வழக்கப்படி ருசி பார்க்காமல், எல்லாம் செய்திருக்கிறாள். மறுவீட்டுச் சொதி, இஞ்சிப் பச்சடி, தீயல். ‘அந்த அம்மாள் ஒரு வாய்க்கு மேல் வைக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால், இதுதான் உங்கள் அம்மா எழுதிய புத்தகமா என்று கேட்டாள். உன் கடிதத்தைப் பார்த்து வைத்தால் வருகிற ருசி ஒன்று, புத்தகத்தைப் பார்த்து வைத்தால் ஒன்று. ஏன் அம்மா இப்படிச் செய்தாய்?’

பிரமு கையில் கடிதத்தோடு பூசை அலமாரிக்குப் போனாள். பட்டுத்துணியைப் பிரித்தாள். சொதிப் பக்கத்தை எடுத்தாள். உப்பு வரியில் விரலை வைத்தாள்.

“நான் ரெண்டுதான எழுதினேன்” என்றாள்.

அச்சுப்பிழையாக இருக்கும் என்றேன்.

20 ஆகஸ்ட்

வீட்டில் பேச்சு இல்லை. வெயில் அதிகம்.

26 ஆகஸ்ட்

செட்டியார் கடிதம். அச்சுப்பிழை என்று நான் அவருக்கும் எழுதியிருந்தேன். புத்தகத்தைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கிறாராம். பட்சணங்களுக்கு என்று போடவிருந்த அடுத்த புத்தகத்தைக் கைவிடுகிறாராம். ‘ஆச்சி பெயரில் இனி ஒன்றும் விற்காது.’ அச்சுக் கோர்த்த ஆளை வேலையை விட்டு நிறுத்தப் போகிறாராம்.

இதைப் பிரமுவுக்கு வாசித்தேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“சொதியில கூட இருக்கு. தீயல்ல கூட இருக்கு. கூட்டாஞ்சோத்துலயும் இருக்கு. புளியில ஒரு தப்பு இல்ல. பருப்புல ஒரு தப்பு இல்ல. அச்சுக் கோக்கிறவனுக்கு உப்பு மேல மட்டும் என்ன ஆசை?”

நான் செட்டியாரின் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டேன்.

“திருத்தினது நீங்கதான?”

“சரியானதைப் போட்டேன். நீ மறந்து போய் மாத்தி எழுதி அனுப்பியிருந்தே. என் நாக்கு சொன்னதைப் போட்டேன்.”

அவள் எழுந்து போய் வெண்கலக் கிண்ணத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். சத்தமில்லாமல்தான் வைத்தாள்.

“இது எதுக்குன்னு நினைச்சீக? மரியாதைக்கா? அந்தக் காய்ச்சலுக்குப் பொறவு உங்களுக்கு உப்பும் தெரியல, நாத்தமும் தெரியல. பொழுது விடிஞ்சா உப்பில்ல, உப்பில்லன்னு தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சீக. இதுல தனியா எடுத்து வச்சு ரெண்டு மடங்கு உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். அப்பதான் சாப்பிட்டீக. இத்தனை வருசமா அப்படித்தான். அன்னிக்கு அனவரதம் நாக்கு வெந்து போயி தண்ணியக் குடிச்சான்லா, அதுதான் நீங்க தெனமும் சாப்பிடுதது.”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“சொன்னா நம்பியிருப்பீகளா? சீட்டுல நீங்க சொன்னத எழுதினேன், உங்க மனசுக்கு. பிரதியில எனக்குத் தெரிஞ்சத எழுதினேன், அந்தப் பிள்ளைகளுக்கு. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீக.”

பிறகு ஒரு வார்த்தை சொன்னாள். அதை எழுதக் கூடாது என்று இருந்தேன், எழுதுகிறேன். “எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதான்” என்றாள்.

27 ஆகஸ்ட்

வீட்டில் சாப்பிடவில்லை. ஒரு பெண்பிள்ளை என்னைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏமாற்றிச் சோறூட்டியிருக்கிறாள். நானும் வருடக்கணக்காகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

ஜங்ஷன் பக்கம் ஒரு ஓட்டலில் சாப்பிட்டேன். சாம்பார் சப்பென்று இருந்தது. கூட்டு சப்பென்று இருந்தது. சர்வரைக் கூப்பிட்டு, உப்பில்லாமல் என்ன சமையல் என்று கத்தினேன். பக்கத்து மேஜையில் ஒரு தாசில்தாரோ யாரோ, “எனக்குச் சரியாத்தானே இருக்கு, சார்வாள்” என்றார். அவர் இலையைப் பார்த்தேன். வழித்துச் சாப்பிட்டிருந்தார். காசை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

30 ஆகஸ்ட்

பிரமு செட்டியாருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள். எழுத்துப்பிழை எண்ணி மாளாது. ‘அச்சுக் கோற்க்கிற பையனை நிறுத்தாதிங்க’ என்று முதல் வரியிலேயே இரண்டு. பிடுங்கி நானே எழுதினேன். பிழை அச்சில் இல்லை, திருத்தியவரிடம் என்று எழுதினேன். திருத்தியவருக்கு உடல்நலக் குறைவு என்றும் எழுதினேன். அது பொய்யில்லையே.

புத்தகத்தைத் திரும்ப எடுக்க வேண்டாம், ஒவ்வொன்றிலும் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டி விற்கலாம் என்று அவள் சொல்லச் சொன்னாள். சரி என்று எழுதினேன்.

“சீட்டுல உங்க பேரையும் போடச் சொல்லுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“முதல் பக்கத்துல போடணும்னு கேட்டீகள்ளா? என் பேரு அட்டையில இருக்கு. கெட்ட பேரும் எனக்கே வரணுமா?”

குரலை உயர்த்தாமல் சொன்னாள். இந்த முப்பத்தைந்து வருடத்தில் என்னிடம் அவள் கேட்டு வாங்கியது என்று வேறு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. எழுதினேன்: ‘இந்நூலில் உப்பின் அளவுகளைத் தவறாகத் திருத்தியவர்: புலவர் உலகநாத பிள்ளை. சரியான அளவுகள் கீழே.’ அச்சில் என் பெயர் வருவது இதுவே முதல் தடவை.

12 செப்டம்பர்

செட்டியார் சம்மதித்துவிட்டார். அந்த ஆள் வேலையில் இருக்கிறானாம். ஆனால் சரியான அளவுகள் உடனே வேண்டுமாம். இவள் எழுதிய கைப்பிரதி அச்சகத்தில் மை கொட்டிப் பாதி போய்விட்டது. மறுபடி எல்லாவற்றையும் சமைத்து அளக்க வேண்டும். இந்தத் தடவை உப்புப் பார்ப்பது யார்?

காலையில் புளிமிளகாய் வைத்தாள். கொதி வந்ததும் சின்னக் கிண்ணத்தில் சாமிக்கு முதலில் எடுத்து மூடி வைத்தாள். பிறகு கரண்டியைப் பானையில் விட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, என் முன்னாலேயே நக்கிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை நாக்கைச் சப்பினாள். அரைத் தேக்கரண்டி சேர்த்தாள். மறுபடி பார்த்தாள். சீட்டில் எழுதினாள்.

என் தாயார் படம் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“சாமிக்கு எடுத்து வச்சிட்டேன்ல, அப்புறம் என்ன தீட்டு?” என்றாள்.

“இவ்வளவு சுளுவான வழி இருக்கும்போது, இத்தனை வருஷம் ஏன் தோணலை?”

“மொதல்ல உங்க அம்மா இருந்தாக. பொறவு நீங்க இருந்தீக.”

வெண்கலக் கிண்ணத்தைப் புளி போட்டு விளக்கிப் பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டாள். டாக்டர் வேறு ரத்தக்கொதிப்பு என்று சொல்லியிருக்கிறார். எனக்கும் இனி பானையிலிருந்துதான்.

3 அக்டோபர்

இன்று சொதி. சோதனையில் கடைசி. அளவைச் சரிபார்க்கச் சூடாகவே சாப்பிட வேண்டும் என்பதால் எனக்கு எதிரிலேயே இலை போட்டு அவளும் உட்கார்ந்தாள். இதுவும் புதுசு.

ஒரு வாய் வைத்தேன். சூடு தெரிந்தது, வழவழப்பு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு வாய் வைத்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. அவள் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“எப்படி இருக்கு? சொல்லேன்.”

“உப்பு சரியா இருக்கு.”

“அது இல்லளா. என்ன ருசி, அதச் சொல்லு.”

கையை இலையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கேலி செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“மொதல்ல தேங்காப்பாலோட இனிப்பு வருது. ரெண்டாம் பாலு ஒரு கொதி கூடிட்டு, அதான் அடிநாக்குல கொஞ்சம் கனக்கு. இஞ்சி ஒடனே வராது. முழுங்கின பொறவுதான் தொண்டைக்குள்ள மெல்ல எரியும். பச்சமொளகா அப்படி இல்ல, நாக்கு நுனியில நின்னுக்கிட்டுப் போமாட்டேங்கும். கடைசியில எலுமிச்சம்பழம் வந்து எல்லாத்தையும் கழுவி விடுது. முருங்கக்காச் சதையில ஒரு லேசான கசப்பு இருக்கு பாருங்க, அது இருக்கணும். அது இல்லன்னா பாலு குடிச்ச மாதிரி ஆயிரும்.”

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நானும் ஒவ்வொரு வாயாக வைத்தேன். இஞ்சி என்றபோது தொண்டையில் ஏதோ தெரிந்த மாதிரிகூட இருந்தது. பிரமையாக இருக்கலாம். கண்ணில் நீர் வந்துவிட்டது. இலையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

எனக்குக் கோபமும் வந்தது. இத்தனையும் ஒரு சொதிக்குள் இருப்பது தெரிந்திருந்தும், இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, என்னிடம் ஒரு நாளாவது சொன்னாளா? என்னத்துக்கு வாயைத் திறக்காமல் இருந்தாய் என்று கேட்டேவிட்டேன்.

“கேக்கறதுக்கு எங்க இருந்தீக? உப்பு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவீகளே” என்றாள்.